ஸ்டூடியோக்காரரின் இணையதளமும் மளிகைக்கடை விலைப்பலகையும்



மளிகைக் கடைக்காரர்களும் மொத்த வியாபாரிகளும் படிக்கும் இந்த இதழில், போட்டோ ஸ்டூடியோவின் இணையதளத்தைப் பற்றி எழுத என்ன வந்தது என்று சிலர் கேட்கலாம். காரணம் இருக்கிறது. நமது தேவாரம் கடைவீதியில் தகப்பனார் காலத்திலிருந்து ஸ்டூடியோ நடத்தி வரும் உறுப்பினர் ஒருவர், சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் கைப்பேசியை நம் முன் நீட்டினார். "அண்ணே, காசு கொடுத்து வெப்சைட் போட்டு ரெண்டு வருசமாச்சு. அதைப் பாத்துட்டு ஒரு ஆள் கூடக் கூப்பிடலை. என்ன குறைன்னு நீங்களாவது பாத்துச் சொல்லுங்க" என்றார்.

கணிப்பொறி படித்தவர்களிடம் கேட்க வேண்டியதை அரிசி, பருப்பு விற்கிறவர்களிடம் கேட்கிறாரே என்று முதலில் தோன்றியது. ஆனால், வாசலில் நிற்கும் வாடிக்கையாளர் உள்ளே வருவதா, அடுத்த கடைக்குப் போவதா என்று யோசிக்கிற அந்த அரை நிமிடத்தை நம்மை விட அதிகம் பார்த்தவர்கள் யார்? ஆகவே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். அன்று பார்த்ததையும், அதற்குப் பின் சங்கத்தில் எழுந்த வாக்குவாதத்தையும் இங்கே எழுதுகிறோம். ஸ்டூடியோ வைத்திருப்பவர்களுக்கு மட்டுமல்ல, கடைக்கு இணையதளம் போடலாமா என்று யோசிக்கும் எல்லோருக்கும் இதில் வேலை இருக்கிறது.

முதலில் அந்தப் பக்கம் திறக்கவே இல்லை. டீ கிளாஸ் காலியாகிற வரை திரை வெள்ளையாகவே இருந்தது. பிறகு பாட்டு ஒலித்தது. ரோஜா இதழ்கள் மேலிருந்து விழுந்தன. பனி மூடிய மலையில் மணமக்கள் இருவர் நின்றார்கள். "இது யாரு வீட்டுக் கல்யாணம்?" என்று கேட்டோம். "அது டிசைன் பண்ணுனவரு போட்ட படம்ணே, நம்ம எடுத்தது இல்லை" என்றார். அதற்குக் கீழே நினைவுகளைக் கவிதையாக்குகிறோம் என்ற பொருளில் ஆங்கிலத்தில் இரண்டு வரி. அதற்கும் கீழே தொழில் பட்டியல்: திருமணத்துக்கு முந்தைய படப்பிடிப்பு, கர்ப்பிணிப் பெண் படப்பிடிப்பு, பிறந்த குழந்தை படப்பிடிப்பு, வெளியூர்ச் சுற்றுலாத் தலங்களில் திருமணம். காதணி விழா இல்லை. கோவில் திருவிழா இல்லை. கண்ணீர் அஞ்சலிப் பேனருக்குப் படம் இல்லை. பாஸ்போர்ட் அளவுப் படம் கூட இல்லை.

கல்லாவுக்குக் காசு எதில் வருகிறது என்று விசாரித்தோம். காதணி விழாவில்தான் பாதி வருமானம் என்றார். நம் பக்கத்துக் காதணி விழாவைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. தாய்மாமன் சீர் வந்து இறங்குவது முதல், மொய் செய்தவர்கள் குடும்பம் குடும்பமாக மேடையேறி நிற்பது வரை, ஒருவர் விடாமல் படத்தில் விழ வேண்டும். ஒருவர் விடுபட்டாலும் அடுத்த விசேஷத்தில் பேச்சு வரும். இந்த வேலையைத் தலைமுறையாகச் செய்து கைதேர்ந்தவர், தன் இணையதளத்தில் அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. துவரம்பருப்பு விற்றுப் பிழைப்பவர், போர்டில் பாதாம், பிஸ்தா என்று மட்டும் எழுதி வைத்தது போலத்தான்.

ஏன் அப்படி என்றால், அந்தப் பட்டியல் பெருநகர ஸ்டூடியோவின் அச்சில் வார்த்தது. செய்து கொடுத்தவர் நம் ஊர் விசேஷத்தை அறியாதவர். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. கடைக்கு எந்தச் சரக்கு முன்னால் இருக்க வேண்டும் என்பதைக் கடைக்காரர்தான் சொல்ல வேண்டும்.

பக்கம் திறக்கத் தாமதமானதன் காரணத்தைத் தேடினோம். கேமராவிலிருந்து இறக்கிய படங்களை அப்படியே ஏற்றியிருந்தார்கள். கரிஷ்மா ஆல்பத்தில் அகலமாக அச்சடிப்பதற்கான படம் ஒவ்வொன்றும் பல எம்.பி. எடை. கைப்பேசித் திரைக்கு 1,600 பிக்சல் அகலமும் 200 அல்லது 300 கே.பி. எடையும் இருந்தால் தாராளம். அப்படிக் குறைக்காமல் 300 படங்களை ஏற்றி வைத்தால், போடிமெட்டுக்கு மேலே எஸ்டேட் லயத்தில் ஒரு கோடு சிக்னலில் உட்கார்ந்திருப்பவர் எப்படிப் பார்ப்பார்? கூகுளின் பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸ் என்ற இலவசப் பக்கத்தில் இணையதள முகவரியைக் கொடுத்தால், கைப்பேசியில் அது எவ்வளவு வேகமாகத் திறக்கிறது, எது தடுக்கிறது என்று பட்டியலே போட்டுக் கொடுக்கும். அரை மணி நேர வேலை. பாட்டையும் ரோஜா இதழையும் அன்றே எடுத்துவிடச் சொன்னோம். அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

இனிச் சொல்லப்போவதுதான் நம்மை உண்மையில் உறுத்திய விஷயம்.

நம் கடைவீதியைச் சேர்ந்த ஒரு குடும்பத்தில் பெரியவர் ஒருவர் நள்ளிரவில் தவறிவிட்டார். விடிவதற்குள் பேனருக்கும் மாலை போட்டு வைப்பதற்கும் படம் வேண்டும். வீட்டில் இருந்ததோ குழுவாக எடுத்த ஒரே ஒரு பழைய படம். திருப்பூரில் வேலை பார்க்கும் பேரன் கைப்பேசியில் தேடி இந்த ஸ்டூடியோவின் இணையதளத்தைக் கண்டுபிடித்திருக்கிறார். ஆனால் தொலைபேசி எண் எங்கும் இல்லை. பெயர், மின்னஞ்சல், விசேஷத் தேதி, உத்தேசச் செலவு எல்லாம் நிரப்பி அனுப்பும் படிவம் ஒன்றுதான் இருந்தது. அதையும் நிரப்பி அனுப்பியிருக்கிறார். யாரும் கூப்பிடவில்லை. கடைசியில் போடிக்கு ஆள் போய் வேலை முடிந்தது. அந்த வீட்டுக்கும் ஸ்டூடியோவுக்கும் இடையே 4 தெருதான். "அந்தப் படிவம் எங்க போய் விழுதுன்னே எனக்குத் தெரியாதுண்ணே" என்றார் நம் உறுப்பினர். தேடிப் பார்த்தபோது, அவர் ஒரு நாளும் திறக்காத மின்னஞ்சல் பெட்டியில் அது கிடந்தது. அதோடு, மேலே எஸ்டேட்டில் இருந்து தை மாத முகூர்த்தத்திற்கு விசாரித்த கடிதம் ஒன்றும் கிடந்தது. தை போய் மாசியும் போயிருந்தது.

இரண்டு வருடமாக ஒருவரும் கூப்பிடவில்லை என்றாரே, அது சரியல்ல. கூப்பிட்டிருக்கிறார்கள். இவர் காதில் விழவில்லை.

எனவே முதல் காரியம், பக்கத்தின் உச்சியிலேயே தொலைபேசி எண். தொட்டால் அழைப்பு போகிற மாதிரி இருக்க வேண்டும். படத்துக்குள் எழுத்தாக இருந்தால் தொட்டாலும் போகாது. பக்கத்திலேயே வாட்ஸ்அப் பொத்தான். இரவு எத்தனை மணி வரை எடுப்பார், துக்க காரியத்துக்கு எந்நேரமும் கூப்பிடலாமா என்பதைத் தமிழில் ஒரே வரியில் எழுதிவிட வேண்டும். படிவம் இருந்தால் இருக்கட்டும், அது தினமும் திறக்கும் இடத்துக்கு வர வேண்டும்.

அடுத்தது ஊர்ப் பெயர். இது நம் ஊருக்கே உரிய வில்லங்கம். கூகுளில் தேவாரம் என்று மட்டும் தமிழில் அடித்துப் பாருங்கள். அப்பர், சம்பந்தர், சுந்தரர் பாடல்களில்தான் போய் நிற்கும். மூவர் பாடிய தேவாரத்தோடு நம் கடைவீதி போட்டி போட முடியாது. ஆங்கிலத்தில் எழுதினாலும் ஒருவர் 'தெ' என்ற ஒலிக்கு ஏற்ப எழுதுகிறார், இன்னொருவர் 'தே'வை 'டே' போலத் தொடங்குகிறார். இரண்டு எழுத்துக்கூட்டலும் புழக்கத்தில் இருக்கின்றன. நம் உறுப்பினரின் பக்கத்தில் ஊர்ப் பெயரே ஒரு மூலையில், படத்துக்குள் பொறித்த எழுத்தாக இருந்தது. தேடுபொறிக்கு அது இல்லாத மாதிரிதான். "தேவாரம், உத்தமபாளையம் வட்டம், தேனி மாவட்டம்" என்று முழுதாக எழுத வேண்டும். ஆங்கிலத்தில் இரண்டு விதமாகவும் ஓரிடத்தில் வர வேண்டும். போடி, சிலமலை, ராசிங்காபுரம், பண்ணைப்புரம், கோம்பை, உத்தமபாளையம் என்று எந்தெந்த ஊருக்கு வந்து படமெடுப்பார் என்பதையும் எழுத வேண்டும். பண்ணைப்புரத்துக்காரர் தேடும்போது தன் ஊர்ப் பெயரை அடிப்பாரே தவிர நம் ஊர்ப் பெயரை அடிக்க மாட்டார்.

கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிவு செய்வதும் இதோடு சேர்ந்ததே. அது இலவசம். பதிவு செய்தால் கடை இருக்குமிடம், நேரம், எண் எல்லாம் தேடியவுடன் வரும். வாடிக்கையாளர் எழுதும் கருத்துகளும் அங்கேதான் சேரும். சொந்தக்காரர்களை விட்டு நல்ல கருத்து எழுத வைக்கலாமே என்று ஒரு இளைஞர் சொன்னார். வேண்டாம் என்றோம். இணையக் கருத்துகளில் போலி கலக்கக் கூடாது என்பதற்காகவே இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022இல் ஐ.எஸ். 19000 என்ற தரநெறியை வெளியிட்டிருக்கிறது. அது கிடக்கட்டும், நம் ஊரில் யார் யாருக்கு மச்சான் என்பது யாருக்குத் தெரியாது?

படங்களுக்கு வருவோம். போடியில் ஏலக்காய் ஏலம் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஏலம் இப்போது மின்னணு முறைக்கு மாறிவிட்டது. விலையைக் கணிப்பொறியில் போடுகிறார்கள். ஆனாலும் வியாபாரி முன் மாதிரி வைக்காமல் ஏலம் நடப்பதில்லை. அவர் காயைக் கையில் எடுக்கிறார், நிறம் பார்க்கிறார், பருமன் பார்க்கிறார், பிரித்து அரிசியைப் பார்க்கிறார். மாதிரி அந்த லாட்டிலிருந்தே எடுத்ததாக இருக்க வேண்டும் என்பதுதான் இந்த வியாபாரத்தின் உயிர். 8 எம்.எம். காயை மாதிரியில் வைத்துவிட்டு மூட்டையில் பொடிக்காயைக் கட்டினால், அந்த ஆள் மறுபடி ஏல மையத்தில் தலைகாட்ட முடியாது. பனிமலை மணமக்கள் படம் அப்படிப்பட்ட மாதிரிதான். அந்தப் படத்தை நம்பி வருகிறவர் ஆல்பத்தைப் பார்த்து ஏமாறுவார். நம்பாதவர் வரவே மாட்டார்.

அவருடைய கணிப்பொறியில் இருந்த படங்களை அன்று இரவு வரை பார்த்தோம். நிறைய நல்ல படங்கள். மழை பிடித்துக்கொண்ட நாளில், பந்தலுக்குள் தண்ணீர் ஒழுக ஒழுக நடந்த ஒரு விசேஷத்தில், தாய்மாமன் சீர்த்தட்டுக்கு மேல் குடை பிடித்து வரும் படம் ஒன்று. இதை எங்கே ஒளித்து வைத்திருந்தார்? "இதுல மேக்கப் சரியா இல்லைண்ணே" என்றார். அந்தப் படம் சொல்வதைப் பனிமலை சொல்லுமா? மழையென்றாலும் இவர் வேலையை விட்டு ஓடமாட்டார் என்பது பார்த்தவுடன் தெரிகிறது. அரிசி வியாபாரி மூட்டையை வாசலில் கொட்டிக் காட்டுவதில்லை. குத்தூசி போட்டு ஒரு கைப்பிடி எடுத்துக் காட்டுகிறார். 25 அல்லது 30 படம் போதும். ஒவ்வொன்றின் கீழும் என்ன விசேஷம், எந்த ஊர், எந்த மாதம் என்று ஒரு வரி.

ஒரு விஷயத்தில் எச்சரிக்கை தேவை. மணமக்களைக் காட்டுக்குள் கூட்டிப் போய் எடுக்கிற பழக்கம் இப்போது நம் பக்கமும் வந்துவிட்டது. குரங்கணியில் 2018 மார்ச் 11ஆம் தேதி காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் சிக்கி உயிரிழந்ததை இந்தப் பகுதி மறக்கவில்லை. வனத்துறை அனுமதி இல்லாமல் எடுத்த படத்தை இணையதளத்தில் போடுவது, தன் மேல் தானே சாட்சி சொல்வதற்குச் சமம்.

விலைக்கு வந்தபோதுதான் சங்கத்தில் சத்தம் அதிகமானது.

இணையதளத்தில் விலை போட வேண்டும் என்பது நம் கருத்து. ஸ்டூடியோ தொழிலில் இருக்கும் மற்ற உறுப்பினர்கள் எதிர்த்தார்கள். ஆளைப் பார்த்து, வசதியைப் பார்த்து, பேசித்தான் விலை சொல்ல வேண்டும். எழுதி வைத்தால் பெரிய இடத்து விசேஷத்திலும் அதே விலைதான் கிடைக்கும். போட்டிக்காரர் பார்த்துவிட்டு ஆயிரம் ரூபாய் குறைத்துச் சொல்வார் என்றார்கள். ஏலக்காய் விலை ஏறின வருடமும் இறங்கின வருடமும் ஒன்றா என்றும் ஒருவர் கேட்டார். அதில் நியாயம் உண்டு. 2019இல் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்ட விலை பிற்பாடு எங்கே போய் நின்றது என்பதை நாம் அறிவோம். இந்த மலையடிவாரத்தில் விசேஷத்தின் அளவை முகூர்த்தத்தை விட ஏலக்காய்தான் நிர்ணயிக்கிறது.

ஆனாலும் நாம் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு காலத்தில் மளிகையிலும் இதே பேச்சுதான் இருந்தது. விலையை எழுதி வைத்தால் வியாபாரம் போய்விடும் என்று பெரியவர்கள் பயந்தார்கள். இன்று அரிசி மூட்டை மேல் அட்டையில் விலை குத்தி வைக்காத கடை எது? விலை தெரியாத இடத்தில் வசதி குறைந்தவர் கேட்கக் கூச்சப்படுவார். கேட்டு, கட்டுப்படியாகாமல் திரும்பி நடப்பதை விட, கேட்காமலே போய்விடுவார். எஸ்டேட்டில் நாள் கூலிக்குப் போகிற குடும்பம் மகளுக்குக் காதணி வைக்கும்போது, "போட்டோவுக்கு எவ்வளவு ஆகும்" என்பதுதான் முதல் கேள்வி. பனிமலைப் படத்தைப் பார்த்தால், இது நமக்கான இடமில்லை என்று ஒதுங்கிவிடுவார்கள். இந்த ஸ்டூடியோவை வாழவைத்தவர்களே இவர்கள்தான்.

கடைசி ரூபாய் வரை எழுத வேண்டியதில்லை. அரை நாள் காதணி விழா, ஒரு போட்டோகிராபர், ஒரு வீடியோ, இத்தனை தாள் ஆல்பம் ஒன்று, இன்ன தொகையிலிருந்து என்று ஆரம்ப விலையைச் சொன்னால் போதும். ஜி.எஸ்.டி. சேர்த்தா, தனியா என்பதையும், போக்குவரத்து யாருடையது என்பதையும், டிரோன் வேண்டுமென்றால் கூடுதலா என்பதையும், முன்பணம் எவ்வளவு, ஆல்பம் எத்தனை நாளில் கைக்கு வரும் என்பதையும் எழுத வேண்டும். சண்டை வருவது பெரும்பாலும் விலையில் அல்ல, ஆல்பம் தாமதத்தில்தான் என்று ஸ்டூடியோக்காரர்களே ஒப்புக்கொள்கிறார்கள். அதை முதலிலேயே எழுதிவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது.

அப்படியானால் சங்கமே உட்கார்ந்து எல்லா ஸ்டூடியோவுக்கும் ஒரே விலை நிர்ணயம் செய்து கொடுக்கட்டும் என்று ஒருவர் எழுந்தார். இதை இங்கே அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறோம்: கூடாது. 2002ஆம் ஆண்டு போட்டிச் சட்டத்தின் 3ஆவது பிரிவு, வியாபாரிகள் சேர்ந்து விலை பேசி வைத்துக்கொள்வதைத் தடுக்கிறது. சங்கங்களும் அதற்குள் அடக்கம். மருந்து வணிகர் சங்கங்கள் சில இந்தச் சட்டத்தின் கீழ் இந்தியப் போட்டி ஆணையத்தில் அபராதம் கட்ட நேர்ந்திருக்கிறது. அவரவர் விலை அவரவர் பலகையில் இருக்கட்டும்.

வலைத்தளம் எதற்கு, இன்ஸ்டாகிராம் போதாதா என்று இளையவர்கள் கேட்டார்கள். இன்ஸ்டாகிராம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. இன்றைய மணமக்கள் அங்கேதான் இருக்கிறார்கள். ஆனால் அது வாரச்சந்தையில் விரிக்கிற கடை. சந்தை மாறினால் கடையும் போச்சு. 2020 ஜூன் 29ஆம் தேதி மத்திய அரசு 59 சீனச் செயலிகளைத் தடை செய்தபோது டிக்டாக்கும் போனது. அதில் ஆயிரக்கணக்கானவர்களைச் சேர்த்து வைத்திருந்த கடைக்காரர்கள் ஒரே இரவில் தெருவில் நின்றார்கள். அதற்கு முன் ஆர்க்குட் 2014இல் மூடியது. கூகுள் நிறுவனம் சிறு கடைகளுக்கு இலவசமாக ஒரு பக்க இணையதளம் கொடுத்து வந்தது. நம் மாவட்டத்திலும் பலர் போர்டிலும் பில் புத்தகத்திலும் அந்த முகவரியை அச்சடித்திருந்தார்கள். 2024 மார்ச்சில் கூகுள் அந்தச் சேவையை நிறுத்திவிட்டது. ஜூன் 10 வரை அந்த முகவரிக்குப் போனவர்களைக் கூகுள் வரைபடப் பதிவுக்குத் திருப்பிவிட்டார்கள். பிறகு அதுவும் இல்லை. கம்பெனி பெரிதாக இருப்பதாலேயே இடம் நிலைக்கும் என்று நினைக்க வேண்டாம். புகைப்படத் தொழிலுக்கே பெயர் கொடுத்த கோடாக் நிறுவனம் 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனதைப் பார்த்த தொழில் இது.

டாட் இன் என்று முடியும் சொந்தப் பெயர் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 ரூபாய்க்குள் கிடைக்கிறது. தமிழிலேயே டாட் இந்தியா என்றும் வாங்கலாம். அது உங்கள் பெயரில், உங்கள் தொலைபேசி எண்ணில், உங்கள் மின்னஞ்சலில் பதிவாக வேண்டும். நம் உறுப்பினரின் இணையதளப் பெயர் யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்தோம். செய்து கொடுத்தவர் பெயரில். கடவுச்சொல்லும் அவரிடம். கடையைக் கட்டிய கொத்தனார் பெயரில் பத்திரம் இருப்பது போல.

இதன் வினை எங்கே வந்து முடிந்தது என்று சொல்கிறோம். பூப்புனித நீராட்டு விழாவில் எடுத்த ஒரு பெண்பிள்ளையின் படம் அந்த 300 படங்களில் இருந்தது. பெண்ணின் தகப்பனார் கடைக்கு வந்து, "இதை யாரைக் கேட்டுப் போட்டீங்க?" என்று கேட்டார். நம் உறுப்பினரால் பதில் சொல்ல முடியவில்லை. எடுத்துவிடுகிறேன் என்றார். கடவுச்சொல் இவரிடம் இல்லாததால், செய்து கொடுத்தவரைத் தேடிப் பிடித்து எடுக்க 3 நாள் ஆயிற்று. அந்த 3 நாளும் அந்தத் தகப்பனார் தினம் காலையில் கடை வாசலில் வந்து நின்றுவிட்டுப் போனார்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை ஸ்டூடியோக்காரர்கள் பலர் தவறாகவே நினைத்திருக்கிறார்கள். நான் எடுத்த படம் எனக்குத்தான் சொந்தம் என்கிறார்கள். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு விதமான ஒப்பந்தம் இல்லாத வரை, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். கல்யாண ஆல்பம் கல்யாண வீட்டுக்காரருடையது. அதிலிருந்து ஒரு படம் இணையதளத்தில் போட வேண்டுமென்றால் எழுத்தில் சம்மதம் வேண்டும். 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சம்மதத்தையே அடிப்படையாகக் கொண்டது. 18 வயது நிறையாதவர்கள் விஷயத்தில் பெற்றோரின் சம்மதத்தை அது கேட்கிறது. காதணிப் பிள்ளைகள் எல்லோரும் இதில் அடக்கம். பூப்புனித நீராட்டு விழாப் படத்தைப் பெற்றோரே சம்மதித்தாலும் இணையதளத்தில் போடக் கூடாது என்பது நம் கருத்து. அலங்கார மேடையையும் சீர்த்தட்டு வரிசையையும் காட்டினால் வேலை தெரிந்துவிடும். பிள்ளையின் முகம் ஊருக்கெல்லாம் எதற்கு?

பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைப் பற்றியும் பேச்சு வந்தது. தகப்பனார் எடுத்த நெகட்டிவ்கள் தகர டப்பாக்களில் இருக்கின்றன. இப்படிப்பட்ட தமிழ்நாட்டு ஸ்டூடியோப் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தேடிச் சேர்த்துக் கணிப்பொறியில் ஏற்றியிருக்கிறது. ஆராய்ச்சிக்காரர்கள் தேடிப் போகிற சரக்கு நம் கடைவீதிப் பரணில் கிடக்கிறது. பழைய படத்தைச் சரிசெய்து பெரிதாக்கித் தரப்படும் என்று இணையதளத்தில் ஒரு வரி எழுதினால், சென்னையிலும் கோவையிலும் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் தாத்தா படத்துக்காகக் கூப்பிடுவார்கள். 2010 கடைசியில் நின்றுபோன போடி ரயில் 2023 ஜூன் 15 முதல் அகலப் பாதையில் ஓடுகிறது. ஊருக்கு வந்து போவது முன்னை விட எளிதாகியிருக்கிறது.

வேலையை எப்போது செய்வது? முகூர்த்த மாதத்தில் ஸ்டூடியோக்காரருக்குத் தூக்கமே கிடையாது. ஆடியிலும் மார்கழியிலும் கேமரா பையை விட்டு வெளியே வராது. ஆடியில் படங்களை மாற்றி, விலையைத் திருத்தி வைத்தால் ஆவணி முகூர்த்தத்துக்கு ஆகும். மார்கழியில் செய்தால் தைக்கு ஆகும். வருடத்துக்கு இரண்டு முறை, நாம் கடைக்கு வெள்ளையடித்துக் கணக்கு முடிப்பது போல.

நம் உறுப்பினர் பெயரையும் கடவுச்சொல்லையும் தன் பெயருக்கு மாற்றிவிட்டார். எண் உச்சியில் வந்துவிட்டது. பனிமலை போய், குடை பிடித்த தாய்மாமன் வந்திருக்கிறார். அந்த வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகுதான். விலையை மட்டும் இன்னும் காதணி விழாவுக்கு மாத்திரம் எழுதியிருக்கிறார். கல்யாணத்துக்கு எழுதத் தயக்கம். விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

வாடிக்கையாளரிடம் வாங்க வேண்டிய சம்மதப் படிவத்தைத் தமிழில் ஒரே பக்கத்தில் தயாரித்திருக்கிறோம். இணையதளத்தில் போடலாமா, இன்ஸ்டாகிராமில் போடலாமா, கடையின் கண்ணாடி அலமாரியில் வைக்கலாமா என்று மூன்றுக்கும் தனித்தனியே கட்டம் இருக்கிறது. வேண்டாம் என்று பிறகு சொன்னால் எத்தனை நாளில் எடுக்க வேண்டும் என்பதும் இருக்கிறது. ஸ்டூடியோ நடத்தும் உறுப்பினர்கள் சங்க அலுவலகத்தில் மாலை 6 மணிக்கு மேல் வந்து நகல் வாங்கிக்கொள்ளலாம்.